ஆலை வாசலின் பீடிப் புகை

எழுபதுகளின் கடைசியில், காலடிப்பேட்டை வாசகசாலையில் ஞாயிறுதோறும் வானியல் பேசுவேன். கேட்க வருபவர்களில் இரும்பு வார்க்கும் பவுண்டரித் தொழிலாளி ஒருவரும் உண்டு. உலைச் சூட்டில் பொசுங்கி, அவர் முன்கையில் முடியே இருக்காது. காதில் பற்றவைக்காத பீடி ஒன்று செருகியிருக்கும்.

இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதினால் புதிய விண்மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கும் என்றேன் ஒருநாள். "மோதினா இருக்கிறதும் நொறுங்கிடாதா?" என்று யாரோ கேட்டார். நான் கரும்பலகையில் சமன்பாடு எழுதினேன். யாருக்கும் புரியவில்லை. அந்தப் பவுண்டரித் தொழிலாளி எழுந்தார்.

"ஷிப்டு மாறச்சொல்லோ ஆலை கேட்டாண்ட பாருப்பா. உள்ள போறவனும் வெளிய வர்றவனுமா இடிச்சிக்கிறான்? நடுவுல எடம் கீது, பூந்து போய்க்கினே இருப்பான். ஆனா ரெண்டு பக்கத்துப் பீடிப் பொகையும் அப்டி பூந்து போவாது. மோதிக் கெட்டியாயிடும். மேல கீற வாயுவும் அப்டிதான் நெருங்கி நட்சத்திரமாவுது. இன்னா சார், கரீட்டா?"

எல்லோரும் கைதட்டினார்கள். பத்தாண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்திய எனக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத கைதட்டல். வயிறு எரிந்தது. "ஏறக்குறைய" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த மாதம் ஒரு பத்திரிகையில் அந்த உவமையை என்னுடையதாகவே எழுதினேன். அவர் அந்தப் பத்திரிகையோடு வந்து நின்றார். அகப்பட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"சார், எனக்குத் தோணினதே உங்களுக்கும் தோணிக்கீது," என்றார், முகமெல்லாம் பெருமையாக. "வூட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்."

"ஆமாம், எனக்கும் தோன்றியது," என்றேன்.

அவர் பெயரை நான் அன்றும் கேட்கவில்லை.