செத்த வீட்டுத் தட்டம்

சிகரெட்டை விட்ட பதினோராம் நாள் அயலில் ஒரு செத்த வீடு. நெஞ்சு நோவென்று பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது மகளின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்துத்தான் விட்டேன். ஆனால் எங்கள் பக்கத்துச் செத்த வீடுகளில் வெற்றிலையோடு சிகரெட்டும் வைத்த தட்டம் ஆண்களிடையே சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று தரம் மறுத்தேன். நான்காம் தரம் கை தானாக நீண்டது. நீண்ட கையால் தட்டத்தையே வாங்கிக்கொண்டு, "நான் குடுக்கிறன்" என்று எழும்பிவிட்டேன். தட்டம் தூக்குகிறவனிடம் யாரும் "எடுங்கோ" என்று சொல்வதில்லை.

"உவருக்கு இண்டைக்கு என்ன சுறுசுறுப்பு?" என்றார் பந்தலில் ஒருவர்.

"சிகரெட்டை விட்டிட்டாராம். அதுதான் கையிலை வைச்சுப் பாத்துக்கொண்டு திரியிறார்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு, பிரேதம் எடுக்கும்வரை சுற்றினேன். வீடு திரும்பி முழுகப் போகையில் மகள் கிணற்றடியில் மறித்தாள்.

"அப்பா, சட்டை மணக்குது."

"அது மற்றவையின்ரை புகை, பிள்ளை."

"எங்கை, ஊதுங்கோ பாப்பம்."

பொலிஸிடம் அகப்பட்டவன்போல ஊதினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வெத்திலைதான். சரி, முழுகிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்."