வேலப்பன்சாவடியில் நாலு விஸ்கி, ரெண்டு ஜின்

காலை எட்டு மணிக்குக் கோவில்பதாகையிலிருந்து கிளம்பினோம். நானும் என் தங்கச்சி புருஷன் ஏழுமலையும். போகிற இடம் வேலப்பன்சாவடி. அங்கே ரோட்டோரம் புதிதாக வந்திருந்த ஓட்டலின் மாடியில், ஸ்காட்லாந்து தேசத்து விஸ்கியையும் ஜின்னையும் எப்படி ருசி பார்ப்பது என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்லித் தரப்போகிறார் என்றார்கள். குடிக்கிறதுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். போய்ப் பார்த்ததை எழுதுகிறேன்.

97-ஆம் வருஷம், கார்த்திகை மாசம். மழை விட்டு ரெண்டு நாள் ஆகியிருந்தது.

ஆவடியில் ஒரு பாரில் ஏழுமலை சப்ளையர். அதே பாரில் ஆம்லெட், சுண்டல், ஈரல் வறுவல் எல்லாம் என் கை. அந்த விஸ்கி கம்பெனிக்காரர்கள் ஒரு பாருக்கு ரெண்டு பேர் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஏழுமலையோடு போக வேண்டிய சப்ளையர் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். அதனால் எனக்கு இடம் கிடைத்தது. கார்த்திகையில் எங்கள் பார் அப்படித்தான். குடிக்கிறவனும் பாதி, ஊற்றுகிறவனும் பாதி.

ஏழுமலைக்கு இதில் ஒரு காரியம் இருந்தது. அங்கே வருகிறவர்களில் மூன்று பேரைப் பட்டணத்தில் ஒரு பெரிய ஓட்டல் பாருக்கு எடுப்பதாகப் பேச்சு. மாசச் சம்பளம், யூனிபாரம், வார லீவு.

இன்னொரு காரியமும் இருந்தது. அவன் வலது கையில் கயிறு கட்டியிருந்தான். ஆடி மாசம் அம்மன் கோயில் பூசாரி கட்டிவிட்டது. கட்டினால் தை பிறக்கும் வரை ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது. அதற்கு முன்னால், மேசையில் மிச்சம் வைத்துப் போகிற கிளாஸை எல்லாம் அவன்தான் காலி செய்வான். என் தங்கச்சி கஸ்தூரி ரெண்டு தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாவது தடவை வந்தால் திரும்பப் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம்தான் பேசினாள்.

"அண்ணாத்தே, நீ கூடவே குந்திக்கினு இரு. இவரு கிளாஸ மோந்து பாத்தாகூட எனக்கு வந்து சொல்லணும்."

"மோந்து பாக்கத்தான் போறோம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஆவடி வரை நடை. மூணு கிலோமீட்டர். அங்கிருந்து பூந்தமல்லி பஸ். டிக்கெட் ரெண்டரை ரூபாய். பருத்திப்பட்டு ஏரி ரோட்டு விளிம்பு வரை தளும்பியது. அதைத் தாண்டிக் கூவம் பாலம். பட்டணத்தில் பார்க்கிற கூவம் வேறு. இங்கே அது தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது. ரெண்டு பேர் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்டி மாப்ள சமாளிக்கப் போற?" என்று கேட்டேன்.

"வெள்ளக்காரன் துப்பறதுக்குன்னே பக்கெட் வெச்சிக்கீறானாம் மச்சான். வாயில ஊத்தி துப்பிடலாமாம்."

"துப்புனா நாக்குல படலன்னு ஆயிடுமா?"

"அதான் யோசிச்சிக்கினு வரேன்."

முன்சீட்டில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பினாள். "எச்சி துப்பறதுக்கா நைனா பஸ் புடிச்சி போறீங்க?"

பூந்தமல்லியில் இறங்கி வேறு பஸ் மாறினோம். வேலப்பன்சாவடியில் இறங்கும்போது பத்தரை. காலேஜ் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எங்களைப் போல் தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டையை உள்ளே விட்ட ஆட்கள் ஓட்டலுக்குள் போனார்கள். எல்லாரும் பார்காரர்கள். பார்த்தாலே தெரியும். நடக்கும்போதே மேசைக்கு நடுவில் நடக்கிற மாதிரி இடுப்பை ஒடுக்கி நடப்பார்கள்.

மாடியில் ஏ.சி. ஹால். வெள்ளைத் துணி விரித்த மேசை. ஆளுக்கு ஆறு கிளாஸ். அடி பருத்து வாய் சின்னதாக இருக்கிற கிளாஸ். நாலில் விஸ்கி, ரெண்டில் ஜின். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் அளவுக்குத்தான். பக்கத்தில் தண்ணீர் ஜக், ரொட்டித் துண்டு. வரிசைக்கு ஒரு எவர்சில்வர் பக்கெட்.

வெள்ளைக்காரர் பெயர் டங்கன். அறுபது வயசிருக்கும். மூக்கு சிவப்பு, கை பெரிசு. அவர் சொல்கிறதைத் தமிழில் சொல்ல சுமதி என்று ஒரு மேடம், கம்பெனிக்காரர்.

"எல்லாரும் முதல் கிளாஸைக் கையில எடுங்க" என்றார் மேடம்.

எடுத்தோம். டங்கன் தன் கிளாஸை மூக்குக்குக் கீழே கொண்டு போய், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஹால் முழுக்க ஒரே சத்தம். எல்லாரும் மூச்சை அடக்கி, கண்ணை மூடி, ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு கிளாஸைக் கீழே வைத்தோம். பாதிப் பேர் பாக்கெட்டிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்து நாக்கில் தடவினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்பத்தூர் குணா எனக்கும் கொஞ்சம் நீட்டினான். நானும் தொட்டுக்கொண்டேன்.

எங்களுக்குத் தெரிந்த குடி அதுதான். எங்கள் பாரில் விற்கிற சரக்கை மோந்தால் குடிக்க முடியாது. மூச்சு விடாமல் உள்ளே தள்ளி, ஊறுகாயால் அதை மறக்க வேண்டும்.

டங்கன் கிளாஸ் மூக்குக்குக் கீழேயே நின்றது. மேடத்துக்கு முகம் சுண்டிவிட்டது. டங்கன் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரே ஒரு கிளாஸில்தான் விஸ்கி அப்படியே இருந்தது. ஏழுமலையுடையது. அவன் அருகில் வந்து நின்று முதுகில் தட்டினார்.

"இவர் ஒருத்தர்தான் சொல்ற வரைக்கும் காத்திருந்தார்னு சொல்றார்" என்றார் மேடம். ஏழுமலையின் கயிற்றைப் பார்த்துவிட்டிருந்த குணா குனிந்து கொண்டான். அவன் தோள் சிரிப்பில் ஆடியது.

ஏழுமலையை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கிளாஸைச் சுழற்றி மோந்து பார்க்கச் சொன்னார்கள். என்ன வாசனை என்று கேட்டார்கள். ரொம்ப நேரம் மோந்தான்.

"வாழப்பழம் மாரி கீது. கனிஞ்சது."

டங்கன் சந்தோஷமாகத் தலையாட்டினார். இப்போது ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நாக்கில் உருட்டுங்கள் என்றார்.

ஏழுமலை கிளாஸை வைத்துவிட்டுக் கையை நீட்டினான். "மேடம், கயிறு கட்டிக்கீறேன். நாக்குல படக்கூடாது."

"முழுங்க வேணாம். பக்கெட் இருக்கு, துப்பிடுங்க."

"பட்டாதான மேடம் துப்பணும்."

சிரிப்பு எழுந்தது. மேடம் சிரிக்காமல் அதை இங்கிலீஷில் சொன்னார். டங்கன் கயிற்றைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை. நிறைய பேசினார். மேடம் சுருக்கிச் சொன்னார்.

"அவங்க ஊர்ல நாள் பூரா மூக்காலயே வேலை செய்றவங்க இருக்காங்களாம். நீங்க உக்காந்து மூக்காலயே கத்துக்கலாம்கறார்." பிறகு குரலை இறக்கினார். "ஆனா வேலைக்கு எடுக்கற ஓட்டல்ல, குடிச்சுப் பாத்து சொல்றவங்கதான் வேணும்னு கண்டிஷன். அத நான் மாத்த முடியாது. யோசிச்சுக்குங்க."

ஏழுமலை உட்கார்ந்தான். கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் மெதுவாகக் குடித்தோம். சிங்கிள் மால்ட் என்றால் பார்லியை முளைக்கட்டி, ஒரே ஒரு ஆலையில் காய்ச்சி, மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்டு வைப்பது. ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசனை எழுந்து வருகிறது. உண்மைதான். ரெண்டாவதில் வெல்லப்பாகு. மூணாவதில் புதுச் செருப்பு. நாலாவது புகை. அவர்கள் ஊரில் புல் மக்கிய ஈர மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காட்டுவார்களாம்.

"ஆஸ்பத்திரிய கொளுத்துன மாரி கீது" என்றான் குணா. மேடம் அதைச் சொன்னார். சரியாகச் சொன்னான் என்றார் டங்கன்.

அந்த நாலாவது கிளாஸை ஏழுமலை கீழே வைக்கவேயில்லை. மோந்தான். மறுபடி மோந்தான். அதைப் பார்த்ததில் எனக்கு என் கிளாஸ் இறங்கவில்லை.

"மாமே, ஒரே சொட்டு" என்றான் குணா. "வேலையும் ஆச்சி. அம்மனுக்கு வேலப்பன்சாவடி வரைக்கும் வர்றதுக்கு பஸ்ஸா கீது?"

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிக் காவல் காக்கிற வயசு அவனுக்கில்லை. அவன் கிளாஸைக் குணா பக்கம் தள்ளினான்.

"நீயே குடி. வாய மூடிக்கினு குடி."

பிறகு ஜின். பார்க்கத் தண்ணீர். வாசனை எலுமிச்சைத் தோல், கொத்தமல்லி விதை, அப்புறம் ஏதோ தைலம். தலைவலிக்குத் தேய்க்கலாம் என்றார்கள் பின்வரிசையில். குணா தன் பங்கோடு ஏழுமலை பங்கையும் முடித்திருந்தான். எழுந்திருக்கும்போது, நான் இறக்க முடியாமல் வைத்திருந்த நாலாவது கிளாஸ் அவன் கை பட்டு ஏழுமலையின் சட்டையில் கவிழ்ந்தது.

ரெண்டு மணிக்கு முடிந்தது. டங்கன் எல்லாருக்கும் கை கொடுத்தார். படியில் மேடம் ஏழுமலையை நிறுத்தினார்.

"தை மாசத்துக்கு அப்புறம் வர முடியுமா?"

"அதுக்கப்புறமும் குடிக்கறதா இல்ல மேடம்."

இதை அவன் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும்.

ஆறு கிளாஸுக்கு மூணு மணி நேரம். எங்கள் பாரில் அந்த நேரத்துக்குள் அறுபது பேர் வந்து, அடித்து, சண்டை போட்டு, சமாதானமாகிப் போயிருப்பார்கள். அவசரத்துக்கு ஒரு குடி, ஆற அமர ஒரு குடி. ரெண்டும் உலகத்தில் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டு, பின்சீட்டு ரெண்டும் காலி. நிற்கிறவர்கள்கூட உட்காரவில்லை. அப்படி நாற்றம் அந்தச் சட்டை.

நாலு மணிக்கு ஏழுமலை வீடு. கஸ்தூரி வாசலுக்கு வந்தாள். மூணடி தள்ளியே நின்றுவிட்டாள். இடுப்பில் பிள்ளை.

"அவன் குடிக்கல கஸ்தூரி. நான் பாத்துக்கினே இருந்தேன்" என்றேன்.

"நீ குடிச்சிக்கீறியா?"

"கொஞ்சம்."

"அப்ப நீ பேசாத."

ஏழுமலை சட்டையைக் கழற்றிக் கிணற்றடியில் போட்டான். கை கால் கழுவினான். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"பசிக்குது. சோறு கீதா?"

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். குடித்த நாளில் அவன் சோற்றுப் பக்கமே போகமாட்டான். தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவான். அது அவளைவிட யாருக்குத் தெரியும்? பிள்ளையை என் கையில் கொடுத்தாள். தட்டு வைத்துச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். பிசைந்து சாப்பிட்டான். மறுபடி கேட்டான். மறுபடி போட்டாள். அவன் வாயையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"வேல?" என்றாள்.

"இல்ல."

தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"மோர் ஊத்தட்டா?"

"ஊத்து" என்றான்.