பெரிய முதலாளியின் நாற்காலி

கோவில்பட்டியில் தோல் சோபா வைத்திருக்கிற வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிற வீடுகள் ஏராளம். ரெக்சினை வாங்கிப் போட்டுவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தோல் என்று பெருமையடிப்பார்கள். சுடலைச்செல்வி ஒரு தடவு தடவினால் போதும், தெரிந்துவிடும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டாள். "நல்லா வச்சிருக்கீக" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அடுத்தவர் பெருமையைக் கெடுத்து அவளுக்கு ஆகப்போவது என்ன?

கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனவள், அங்கே கார் சீட்டுக் கடையில் வேலைக்கு இருந்து இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். வெடித்த தோலில் பசை அடைத்துத் தேய்ப்பது, வெளிறிப்போன இடத்துக்குப் பழைய நிறத்தையே திரும்பக் கொண்டுவருவது. வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரியில் ஏறிய பிறகு மாதத்தில் பாதி நாள் ஆளே வீட்டில் இல்லை. தனியாக அங்கே கிடந்து என்ன செய்ய என்று சொந்த ஊருக்கே வந்துவிட்டாள். அண்ணன் பூவனலிங்கம் எட்டயபுரம் ரோட்டில் ஒரு தகர ஷெட் பிடித்துக் கொடுத்தான். சரக்கு ஆட்டோ அவனுடையது, பேச்சு அவனுடையது, வேலை மட்டும் அவளுடையது. போர்டில் 'பூவனலிங்கம் சோபா ஒர்க்ஸ்' என்று எழுதினார்கள். கூடப்பிறந்தவன் பேர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அவளும் இருந்தாள்.

போகப் போகத்தான் உறுத்தியது. "பூவனலிங்கம் கலர் கலந்தா கலந்ததுதான்" என்று கயத்தாற்று லாட்ஜ்காரர் ஒருவர் அவள் கண்முன்னாலேயே சொன்னார். பூவனலிங்கத்துக்குச் சிவப்பில் எத்தனை சொட்டுக் கறுப்பு விட்டால் என்ன நிறம் வரும் என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் மறுக்கவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் கை முழுக்கக் கலரோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

இந்தப் புரட்டாசியில் அந்த நாற்காலி வந்தது.

தீப்பெட்டி ஆபீஸ் பெரிய முதலாளி இறந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. அதுவரை அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஆயுத பூசை அன்று மகன் காமராஜ் அதில் உட்கார்ந்து பொறுப்பேற்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அசல் தோல், கருஞ்சிவப்பு. கை வைக்கிற இடம் வெடித்து, வெள்ளை வெளேரென்று நார் தெரிந்தது. பெரிய முதலாளி தலை நிறைய தேங்காய் எண்ணெய் தேய்க்கிறவர். அத்தனை வருஷத்து எண்ணெயும் தலை சாய்க்கிற இடத்தில் ஊறிப்போயிருந்தது. எண்ணெய் ஊறிய தோலில் கலர் நிற்காது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவி வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கிற எண்ணெய் மெல்ல மேலே கசியும். மறுபடி துடைக்க வேண்டும், மறுபடி தூவ வேண்டும். பொறுமை இல்லாதவன் தொடக்கூடாத வேலை.

பெரிய முதலாளியின் வீட்டம்மா முத்துமாரியம்மாள் ஒருநாள் ஷெட்டுக்கே வந்து பார்த்தார். சுடலைச்செல்வி கைப்பிடியில் பாதிக்குக் கலர் ஏற்றியிருந்தாள். அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவிய வாங்கிட்டு வந்த அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு. இதை நீயா செய்யுத?"

"ஆமாம்மா."

"ஒம் பேரு என்ன?"

"சுடலைச்செல்வி."

"இது நல்லபடியா வந்துட்டா, எங்க கல்யாண மண்டபத்துல கிடக்க சோபா பூராவையும் உன்கிட்டத்தான் குடுப்பேன். ஒன் அண்ணன் கிட்ட இல்ல, நேரா உன்கிட்டயே பேசுதேன். பூசைக்கு நீயும் வரணும்."

இத்தனை வருஷத்தில் வேலை கொடுக்கிறவர் ஒருவர் அவள் பேரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று அவளுக்குச் சோறு கூடக் கொஞ்சம் அதிகமாக இறங்கியது. ஆட்டோவில் சாய்ந்து நின்ற பூவனலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். 

கலர் ஏற்றி முடித்தாயிற்று. மேல்பூச்சுதான் பாக்கி. அது போட்டால்தான் கலர் தோலோடு கட்டும், தண்ணீர் பட்டாலும் அசையாது. சாதாரணமாக ஒரு தடவை அடித்தால் போதும். இதற்கு இரண்டு தடவை அடிக்க வேண்டும் என்று அவள் முன்னமே கணக்குப் போட்டிருந்தாள். ஆயுத பூசை என்றால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? தராசோ மிஷினோ, எதுவானாலும் தண்ணீர் தெளித்து, திருநீற்றைக் குழைத்து மூன்று விரலால் இழுத்து, சந்தனமும் குங்குமமும் அப்பினால்தான் மனசு ஆறும். அண்ணனிடமும் இதைச் சொல்லியிருந்தாள்.

பூசைக்கு முந்தின நாள் பசுவந்தனையில் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சித்தி ஒருத்தி இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அவர் லாரியில் இருந்ததால் சுடலைச்செல்வி போகாமல் இருக்க முடியாது. போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால் ஷெட்டில் நாற்காலி இல்லை.

"நானே கொண்டு போய் இறக்கிட்டேன். காமராஜ் அண்ணாச்சி பாத்துட்டு அசந்து போயிட்டாவ" என்றான் பூவனலிங்கம்.

"மேல்பூச்சு?"

"அடிச்சுட்டேன்ட்டி. ரெண்டு தடவை. எனக்குத் தெரியாதா?"

அவள் நம்பினாள். பூச்சு அடிக்கக் கலர் ஞானம் வேண்டாம், கை இருந்தால் போதும். அதுவும் போக, அண்ணன் சொல்லுகிறான். அதற்கு மேல் என்ன சாட்சி கேட்பது?

மறுநாள் தீப்பெட்டி ஆபீஸில் வாழைக்குலை கட்டி, பொரி கடலையெல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். வேலை செய்கிற பெண்களோடு சுடலைச்செல்வியும் நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றாள். மாவிலையால் தண்ணீர் தெளித்தார்கள். நாற்காலியின் முதுகில் திருநீற்றுப் பட்டை ஈரமாகவே இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட காமராஜ் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அதில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சூடம் காட்ட எழுந்து திரும்பியபோதுதான் தெரிந்தது, முதுகெல்லாம் சிவப்பு. ஆளை வெட்டிப் போட்டதுபோல இருந்தது.

நல்ல நாளும் அதுவுமாக, அப்பா நாற்காலியில் முதல் தடவை உட்கார்ந்த அன்றைக்கு. காமராஜ் சட்டையை இழுத்துப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"யாரு வேலைய்யா இது?"

சுடலைச்செல்விக்கு நொடியில் விளங்கிவிட்டது. மேல்பூச்சு ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அவள் வருவதற்குள் தானே கொண்டுபோய் இறக்கி நல்ல பேர் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு அவசரம். சரி, ஒத்துக்கொள்வான் என்று அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"எம் தங்கச்சி வேலை அண்ணாச்சி" என்றான் பூவனலிங்கம், வாய் கூசாமல். "மேல்பூச்சு அடிச்சுக் காய வச்சுக் குடுப்போம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவசரப்பட்டுட்டா."

அத்தனை பேர் முன்னால், சூடம் எரிந்துகொண்டிருக்கையில், கூடப்பிறந்தவனைப் பொய்யன் என்று அவள் எப்படிச் சொல்வது? முத்துமாரியம்மாள் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆட்டோவில் நாற்காலி திரும்ப வந்தது.

"கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றான் பூவனலிங்கம். "இந்தத் தடவை நாந்தான் செய்யணுமாம், ஒன் கை படக்கூடாதாம். நீ கலரை மட்டும் கலந்து வச்சிரு. நான் பூசிக்கிடுதேன்."

"ஏண்ணே அங்கன வச்சு அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? மண்டப வேலை கையை விட்டுப் போயிரும்லா. ரெண்டு பேருல ஒருத்தர் பேரு கெட்டுத்தான் ஆவணும். எம் பேரு போர்டுல கிடக்கு. ஒம் பேரு யாருக்கு ஏட்டி தெரியும்?"

பயத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டான் என்று அதுவரை மனசைத் தேற்றி வைத்திருந்தாள். இப்போது அதுவும் போயிற்று. யோசித்துத்தான் சொல்லியிருக்கிறான்.

"அவசரக்காரி கலக்குத கலரு. அதை நம்பிப் பூசாதண்ணே" என்று சொல்லிவிட்டு, தன் ஸ்பாஞ்சையும் கலர் டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பூவனலிங்கம் கடையில் ஏதோ சிவப்பு வாங்கி அடித்தான். அது கருஞ்சிவப்பாக இல்லை, அஞ்சல் பெட்டி மாதிரி வந்தது. காமராஜ் அதைக் குடோனில் போட்டுவிட்டு வேறு நாற்காலி வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டாள். நல்ல தோல் அது.

ஐப்பசித் திருக்கல்யாணத்தன்று அம்மன் கோவிலில் முத்துமாரியம்மாளை எதிரே பார்த்தாள். ஒதுங்கப் போனவளை அந்த அம்மாவே கையைப் பிடித்து நிறுத்தினார். கோபம் எதுவும் இல்லை.

"விடும்மா, நடந்தது நடந்து போச்சு. நீ முதல்ல கெடுத்து வச்சதை ஒன் அண்ணன் பாவம் என்னென்னமோ செஞ்சு பாத்தான், தேறல."

இனியும் பொறுக்க அவளால் முடியவில்லை.

"அம்மா, நான் கெடுக்கல. மேல்பூச்சு அடிக்காம அதை வண்டியில ஏத்துனது அவன்தான். நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல."

முத்துமாரியம்மாளின் முகம் சுருங்கியது. பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

"கூடப்பொறந்தவனை அப்படிச் சொல்லாத. ஒன்னயப் பத்தி அவன் எங்கிட்ட அழுதான், தெரியுமா? 'சின்னப் புள்ளையில இருந்தே அப்படித்தாம்மா, தப்பைச் செஞ்சுட்டு எம் மேல போடுவா, அதுக்காகத் தங்கச்சியை விட்டுர முடியுமா'ன்னான். அவனுக்காகத்தான் மண்டப வேலையைக் குடுத்திருக்கேன். நீயும் கூடப் போ. தூசி தட்ட, துடைக்க ஆளு வேணும்லா. அண்ணன் பேச்சைக் கேட்டு நட."

சொல்லிவிட்டு அவர் சன்னதிப் பக்கம் நடந்தார். சுடலைச்செல்வி தூணோரம் நின்றாள். அழுகை வரவில்லை. ஏமாற்றினவனை என்றைக்காவது மன்னித்துவிடலாம். அவள் என்றைக்காவது உண்மையைச் சொல்வாள் என்று தெரிந்து, சொன்னால் யாரும் நம்பாதபடி முன்கூட்டியே வழி பண்ணி வைத்திருக்கிறானே, அதை அவளால் மன்னிக்க முடியவில்லை.