தீவுக்குப் போன சிறுவாணித் தண்ணீர்

எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் தண்ணீர் என்றால் சிறுவாணித் தண்ணீர்தான். மற்றதெல்லாம் கைகால் கழுவ. கோயமுத்தூரை விட்டு எங்கே கிளம்பினாலும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனில் அதை நிரப்பிக்கொள்வார். தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறையில் ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு தீவுக்கு நாங்கள் போனபோதும் கேன் கூடவே வந்தது. ஆனால் அந்தத் தடவை அதற்கு வேறொரு வேலை இருந்தது.

அந்தத் தீவில்தான் அத்தை இருந்தாள், அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் ஊர் மில்லுக்கு வேலைக்கு வந்த தீவுக்காரர் ஒருவரை, அப்பா தலைகீழாக நின்று தடுத்தும் கேளாமல், கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அந்தத் தீவு மாதா கோயில் திருவிழாவுக்கு வர நேர்ந்துகொண்டதாக அம்மா ஒருநாள் திடீரென்று சொன்னாள். நாட்டில் இத்தனை மாதா கோயில் இருக்க, அது ஒன்று மட்டும் எப்படி ஞாபகம் வந்ததோ! மாதா காரியம் என்றால் அப்பாவால் தட்ட முடியாது.

"கோயிலுக்கு வாரேன். ஆனா அவ ஊட்டுல கை நனைக்க மாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றார். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலே உறவை ஒப்புக்கொண்டதாகிவிடும். எட்டு வயதில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அத்தை ஊர்த் தண்ணீர் அப்பாவுக்குச் சேராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படகு எங்களைத் தீவின் ஒரு முனையில் இறக்கிவிட்டது. கோயில் மறுமுனையில். கடற்கரையோரமாகவே நடக்க வேண்டும். கூட்டிப்போக மாமா வந்திருந்தார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம், "எவ்வளவு தூரமுங்கன்னு கேளு கண்ணு" என்றார். கோபத்திலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'ங்க' விட்டுப்போகாது. "இந்தா, கிட்டத்தான் மருமகளே" என்றார் மாமா. கிட்டத்தான் என்ற அந்தத் தூரம் நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. நான் சிப்பி பொறுக்கினேன், நண்டு துரத்தினேன், கால் வலிக்கிறது என்று அழுதேன். அழும்போதெல்லாம் கேனிலிருந்து ஒரு மடக்கு கிடைத்தது.

பாதி வழியில், மணலில் தோண்டிய ஒரு ஊற்றுப் பள்ளத்துக்குள் அத்தை உட்கார்ந்திருந்தாள். தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து, "வாங்கண்ணா" என்றாள். அப்பா கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விடிஞ்சதுலருந்து இங்கனதான் இருக்கா, மருமகளே" என்று மாமா என்னிடம் சொன்னார். "அவசரப்பட்டு அள்ளுனா உப்பு ஏறிரும். அண்ணனுக்கு உப்புத் தண்ணி ஆகாதுன்னு மேலாக்க எடுக்கா."

குடம் பாதிகூட நிறையவில்லை. அப்பா அந்தக் குடத்தையே பார்த்தார். ஊரில் அத்தையைக் குடம் தூக்கவே விடமாட்டாராம், குழாயடிக்கு அவரேதான் போவாராம். அம்மா அடிக்கடி சொல்லிக் கேலி செய்வாள். அப்பா கேனை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

கோயிலில் கொடியும் பேண்டும் வெடியுமாகத் திமிலோகப்பட்டது. பலூன் கட்டிய படகுகள் வரிசையாக நிற்க, மாதா சப்பரத்தை இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் தூக்கிப்போய்க் கடலுக்குக் காட்டினார்கள். எல்லோரும் மரியே வாழ்க என்று கத்தினார்கள். எனக்குத் தொண்டை வறண்டது. அப்பாவைத் தேடிப் போனேன்.

அவர் ஒரு தாழம்புதருக்குப் பின்னால் நின்று கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அத்தனை தண்ணீரையும் மணல் குடித்துவிட்டது.

"தூசி உழுந்துபோச்சு கண்ணு" என்றார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி அங்கேயும் விழுந்துவிட்டது போல.

சாயங்காலம் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றோம். அத்தை வாங்க என்றாளே தவிர, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப் பயந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா தரையைப் பார்த்தார்.

"தாகமா இருக்குது அம்மணி" என்றார் அப்பா. "கொண்டாந்த தண்ணி தீந்துபோச்சு."

நான் விடுவேனா? "பொய்யிங்க அத்தை! கேன்ல நெறைய இருந்துச்சு. அப்பாதான் கொட்டிப்போட்டாரு, நான் பாத்தேன்!"

அத்தை என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். அப்பா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொரு சொம்பு குடு" என்றார். நானும் வாங்கி ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். லேசாக உப்புக் கரித்தது. இதைப் போய் இன்னொரு சொம்பு கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

அத்தை அடுப்படிக்கு ஓடி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் பாவமாகிவிட்டது. சொட்டுத் தண்ணீருக்கு நாளெல்லாம் பள்ளத்தில் உட்காருகிறவள். அப்பா ஒரு கேன் தண்ணீரை வீணாக்கியதைத் தாங்க முடியாமல்தான் அழுகிறாள்.

பக்கத்தில் போய் அவள் முழங்கையைத் தொட்டேன்.

"அழாதீங்க அத்தை. அடுத்த தடவை வரும்போது அப்பாவைக் கேன் தொடவே விடமாட்டேனுங்க. நானே பத்திரமா தூக்கிட்டு வாரேன்."