ஒரு கிலோ தளர்வு

கட்டி முடித்த மட்டையைக் காதருகே வைத்து, நரம்பை நகத்தால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாள் ஹெஸ்டர். நரம்பை இழுத்துக் கட்டும் இயந்திரம், இழுவை பன்னிரண்டு கிலோ என்று காட்டினாலும் நம்ப மாட்டாள். "மிஷின் ஆயிரம் சொல்லும். காது ஒத்துக்கணும்ல?" என்பாள். காது ஒத்துக்கொள்ளாவிட்டால் அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து கட்டுவாள். ஹார்லெம் பேட்மின்டன் கழகத்தில், காபிக் கூடத்துக் கண்ணாடியை ஒட்டி அவளுடைய இயந்திரம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் நான்கு ஆடுகளங்களும் தெரியும். யார் யாரோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறார்கள் என்பதும் தெரியும்.

வயது முப்பத்து மூன்று. பதினோரு வருடம் நெதர்லாந்துக்காக யோரினோடு இரட்டையர் ஆடியவள். யோரின் பின்னால் நின்று அடிப்பாள், ஹெஸ்டர் வலையோரம். சர்வீஸ் எங்கே போகும் என்பதை முதுகுக்குப் பின்னால் விரல் காட்டி யோரினுக்குச் சொல்வாள். இன்றைக்கும் ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போது அந்தக் கை தானாக முதுகுக்குப் போய்விடும். நான்கு தேசியப் பட்டம், எத்தனையோ ஊர், எங்கே போனாலும் ஒரே அறை, ஒரே ஷாம்பு. எட்டு மாதத்துக்கு முன் பயிற்சியாளர் கூப்பிட்டு, "உன் கால் மெதுவாயிருச்சு, ஹெஸ்டர்" என்றார். இந்த நாட்டில் யாரும் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. அவள் இடத்துக்கு இருபது வயது ஃபென்னா வந்தாள். ஹெஸ்டருக்கு மிஞ்சியது கழக ஆட்டமும் நரம்பு கட்டும் வேலையும்தான். யோரினின் மட்டைகளை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. அதிலாவது தான்தான் ஜோடி என்று ஒரு நினைப்பு.

போன சனிக்கிழமை யோரினுக்குப் பிறந்தநாள். தானே சுட்ட ஆப்பிள் கேக்கும் நான்கு மட்டைகளுமாகக் கழகத்துக்கு வந்தாள்.

"ரெண்டு என்னோடது, ரெண்டு ஃபென்னாவோடது. செவ்வாக்கிழமை போட்டிக்கு டென்மார்க் கிளம்புறோம். உன் கை மாதிரி வராதுடி."

ஹெஸ்டரின் வாய் சிரித்தது. வயிறு பற்றி எரிந்தது.

இங்கே பிறந்தநாள் என்றால் பிறந்தவளுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர முடியாது. அம்மா, புருஷன், ஜோடி என்று அவளுக்கு வேண்டியவர்கள் எல்லோருடைய கையையும் குலுக்கியாக வேண்டும். பதினோரு வருடமும் யோரினின் அம்மாவுக்கு அடுத்த கை ஹெஸ்டருடையது. காபி ஊற்றும் கோர் கிழவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும், பழக்கதோஷத்தில் ஹெஸ்டர் கையை நீட்டிவிட்டாள். கிழவர் அவளைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் நின்ற ஃபென்னாவின் கையைப் பிடித்தார்.

"உன் ஜோடிக்குப் பிறந்தநாள். உனக்கும் வாழ்த்துகள்மா."

பின்னால் வந்தவர்களும் அந்த வழியே போனார்கள். நீட்டிய கையை என்ன செய்வது? ஹெஸ்டர் ஒரு கேக் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"பெரிய துண்டா எடுத்துக்கயேன்," என்றார் கோர்.

ஃபென்னாவின் முதல் மட்டையை அவள் பன்னிரண்டுக்குப் பதில் பதினோரு கிலோவில் கட்டினாள். தெரிந்தேதான் கட்டினாள். ஒரு கிலோ தளர்ந்தால் சர்வீஸ் வலைக்கு மேல் ஒரு விரல்கடை கூடுதலாக எழும்பும். டென்மார்க்காரிகளுக்கு அது போதும், அடித்து நொறுக்கிவிடுவார்கள். பயிற்சியாளருக்கு அப்போதாவது பழைய ஆள் ஞாபகம் வரட்டும். காதருகே கொண்டு போகாமலே மட்டையை மேசையில் வைத்தாள்.

சற்று நேரத்தில் ஃபென்னா வந்து நின்றாள்.

"இன்னும் ஒன்னு பாக்கி இருக்கு," என்றாள் ஹெஸ்டர், நிமிராமல்.

"அதுக்கு வரல. எல்லாரும் எனக்கு வாழ்த்துச் சொல்றாங்க. எனக்கு யோரினை எட்டு மாசமாத்தான் தெரியும். ஆட்டம் சூடு பிடிச்சா அவ என்னைக் கூப்பிடுற பேரு என்ன தெரியுமா? ஹெஸ்டர். 'ஹெஸ்டர், விடு, எனக்கு'ன்னு கத்துறா. கேக்குறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது." கையை நீட்டினாள். "இது உங்களுக்கு வர வேண்டியது. யோரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்."

ஹெஸ்டர் அந்தக் கையைப் பிடித்தாள். இவளும் எரிகிறாள் என்று தெரிந்ததில், எட்டு மாதத்தில் முதல் தடவையாக வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

"இது முடிஞ்சுதா? எடுத்துக்கட்டுமா?" என்று ஃபென்னா மேசையிலிருந்த மட்டையைத் தூக்கினாள்.

ஹெஸ்டர் அதை வாங்கிக் காதருகே வைத்து நகத்தால் தட்டினாள். பிறகு கத்தரியை எடுத்து, நடு நரம்பை அறுத்தாள்.