ஐந்தாவது கால்

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். நான் கதை கட்டுகிறவள் அல்ல. முப்பது வருடம் நகராட்சியில் குடிநீரைச் சோதித்தவள். நடந்ததை நடந்தபடி, மணி சொல்லி எழுதுகிறேன்.

போன நவம்பர், சனிக்கிழமை, மாலை 3.50. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வயல்களுக்கு நடுவே ஹாலோவெல் ஸ்பா. ஒரு தெரு, நான்கு தேநீர்க் கடைகள். எந்தக் காலத்திலோ ஒரு பிரபு மூட்டுவலிக்கு இங்கே ஊற்றில் முங்கிவிட்டுப் போனாராம். அந்தப் பெருமையில் ஊர் இன்னும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. ஊற்றுத் தண்ணீர் அழுகிய முட்டையாய் நாறும். மூக்கைச் சுளிக்காமல் குடிப்பதுதான் நாகரிகம்.

எங்கள் நாய் பார்னபிக்குப் பதினைந்து வயது. பின்னங்கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. அடுத்த வியாழன் காலை பத்து மணிக்கு, ஊசி போட்டு ஒரேயடியாக அனுப்பிவிட நேரம் குறித்தாயிற்று. என் கணவர் செட்ரிக்குக்கு மனசு ஆறவில்லை. நாயோடு தங்கலாம் என்று விளம்பரம் செய்த இந்த விடுமுறை வீட்டுக்கு வந்து, கடைசியாக அந்தத் தண்ணீரையும் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

வீட்டுக்காரி திருமதி த்ரேல் முத்து மாலையும் சேற்று பூட்ஸுமாக வரவேற்றாள்.

"எங்க தண்ணியக் குடிச்சிட்டு எத்தன நாய் எந்திரிச்சு ஓடியிருக்கு தெரியுமா, டியர்."

"நாறுதே," என்றேன்.

"அது சரித்திரத்தோட வாசன."

4.05. வாசல் நடையில் நாய்த் துவாலை தொங்கியது. மேலே பித்தளைப் பலகை: 'பாதங்களைத் துடைத்த பின் உள்ளே வரவும்.' துவாலை ஏற்கெனவே ஈரம். நரை முடி கொத்தாக ஒட்டியிருந்தது. பார்னபி சுத்தக் கறுப்பு.

நான் வாயைத் திறப்பதற்குள் செட்ரிக் கிசுகிசுத்தார். "ஏதும் சொல்லி வைக்காத ஹெஸ்டர். பாவம், பிரியமா கவனிக்கிறாங்க."

எங்கள் சனத்தின் வியாதி இது. சூப்பில் எலி மிதந்தாலும் "ரொம்ப ருசி" என்போம்.

4.20. பார்னபி கிண்ணத்தில் வைத்த ஊற்றுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிண்ணத்து விளிம்பைத் தொட்டேன். வழவழப்பு நூலாக இழுத்தது.

4.45. இருட்டிவிட்டது. ஊற்றிலேயே குடிக்கட்டும் என்று செட்ரிக் நாயைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கோடிக்குப் போனார். நான் துவாலையோடு நடையில் நின்றேன். விளக்கு எரியவில்லை.

4.58. ஈர உடம்பு ஒன்று முழங்காலில் உரசியது. குனிந்து பாதங்களைத் துடைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பிறகு இன்னொன்று என் கைக்குள் வந்தது.

தானாகவே. மரியாதையாக.

ஊறிய ரொட்டி மாதிரி... அமுக்கினால் அமுங்கியது. எழவில்லை.

சொட்... சொட்...

தூரத்தில் செட்ரிக் குரல். "ஹெஸ்டர், பார்னபி அங்க வந்தானா? கைய விட்டு நழுவிட்டான்."

துவாலையில் ஏதோ உரிந்து ஒட்டியிருந்தது.

தோல்.

முழங்காலருகே யாரும் இல்லை.

5.06. செட்ரிக் டார்ச்சோடு வந்தார். அவருக்கு முன்னால் பார்னபி ஓடி வந்தது. ஆம், ஓடி.

"பாரு! ஓடுறான் பாரு!" அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

கறுப்பு நாய். கால்களை எண்ணினேன். நான்கு. மறுபடி எண்ணினேன். நான்குதான். நாற்றம் மட்டும்... செட்ரிக்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

மறுநாள் விருந்தினர் புத்தகத்தில் 'இதமான தங்கல்' என்று எழுதிவிட்டுக் கிளம்பினோம். வியாழக்கிழமை ஊசியை ரத்து செய்தோம்.

மூன்று வாரம் கழித்து, முத்திரை பதித்த தடித்தாளில் திருமதி த்ரேல் எழுதியிருந்தாள்: 'ஊற்றைத் தூர் வாரியபோது கறுப்பு நாய் ஒன்றின் உடல் கிடைத்தது. கால்நடை மருத்துவர் அதன் கழுத்துத் தோலுக்கடியில் இருந்த அடையாளச் சிப்பைப் படித்தார். உங்கள் பெயரும் முகவரியும் வந்தன. ரோஜாப் பாத்தியில் உரிய கௌரவத்தோடு அடக்கம் செய்துவிட்டோம். இதனால் உங்களுக்குச் சிரமம் இராது என நம்புகிறேன்.'

செட்ரிக்கிடம் காட்டவில்லை. நாயை எங்கள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். சிப் படிக்கும் கருவியைக் கழுத்தில் ஓட்டினார். மறுபடி ஓட்டினார்.

"இதுக்கு சிப்பே இல்லையே," என்றார்.

வீடு திரும்பியபோது செட்ரிக் படுக்கையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"குளிர் ஜாஸ்தியாயிடுச்சு ஹெஸ்டர். இனிமே இவன் நம்ம நடுவுலயே படுத்துக்கட்டும்."