தையல் மெஷினுக்கு அடியில் ஒரு குட்டி

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் இன்னும் சில வீடுகள் புதிதாக வந்துகொண்டிருந்த சமயம். நான் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, அந்தக் குடியிருப்புப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது வரைதான் படிப்பு. யார் எது சொன்னாலும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படித்தான் அந்தக் குட்டி என் வீட்டுக்கு வந்தது. ரவிக்கை கொடுக்கப் போன வீட்டில் ஒரு அம்மா கினி பன்றி வளர்த்தார். பன்றி என்பது பேரில்தான். எலி ஜாதி, ஆனால் வால் கிடையாது. அது குட்டி போட்டிருந்தது. உனக்காக ஒன்று வைத்திருக்கிறேன் என்று, ஓட்டை போட்ட செருப்புப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டார். புல்லும் கொத்தமல்லியும் போதும், கொஞ்ச நாளில் கையிலேயே வந்து தின்னும் என்றார். வேண்டாம் என்று சொல்ல நினைத்து முடிப்பதற்குள் பெட்டியோடு தெருவில் நின்றேன்.

வீட்டில் திறந்ததும் அது ஓடிப்போய் மெஷினுக்கு அடியில், துண்டுத் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனார் அன்றைக்கே வந்துவிட்டாள்.

"இன்னா அண்ணி, ஊர்ல கீற எலி பத்தலன்னு கல்பாக்கத்துல இருந்து வேற கொண்டாந்துட்டியா?"

"எலி இல்ல..."

"வால் எங்க? அந்த அம்மாவே கத்திரிச்சி வெச்சிகினாங்களா? எடு, பாப்போம்."

எடுத்துக் காட்டினேன். அப்புறம் துணி கொடுக்க வந்தவர்கள், தெருப் பிள்ளைகள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். கையில் பிடிக்கும்போது அதன் நெஞ்சு படபடவென்று அடிக்கும். வைத்த புல்லில் ராத்திரி கொஞ்சம் கடித்தது போக மீதி வாடிக் கிடந்தது.

"இத்த ஏன் பேஜார் பண்றே? திருப்பிக் குடுத்துடு" என்றார் என் வீட்டுக்காரர். அந்த வீட்டுக்குப் போய் அதைச் சொல்லவும் எனக்குக் கூச்சம்.

நாலாவது நாள், செங்கல்பட்டிலிருந்து வந்த விருந்தாளிகளை நாத்தனார் அழைத்து வந்தாள். நான் அவசரமாகக் கையை விட்டு இழுத்தேன். அது துள்ளிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டே மூட்டைக்குப் பின்னால் போனது. வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் மூட்டையை விலக்கிப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத் தண்ணீர்கூடத் தொடவில்லை. இப்படியே போனால் செத்துவிடும் என்று எனக்கே தெரிந்தது. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் வந்தது. வருகிறவர்கள் எல்லாம் என் முக்காட்டை விலக்கி, தாடையைப் பிடித்து நிமிர்த்தி முகம் பார்த்தார்கள். வழக்கம்தான், ஆசையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் மூன்று நாள் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் நாத்தனார் மகளோடு வந்தாள்.

"அத்த எடு அண்ணி, இவ பாக்கணும்ன்றா."

"எடுக்க மாட்டேன்."

"இன்னாது?"

"அது பயந்துகினு கீது. நீ வா, உக்காரு, டீ குடி. அத்த மட்டும் யாரும் தொட வேணாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எலிக்கு வந்த வாழ்வப் பாரு" என்றாள். ஆனால் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

அதற்கப்புறம் நானும் தொடவில்லை. கொத்தமல்லித் தண்டை மெஷின் பக்கத்தில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து, தைத்துக்கொண்டிருக்கும்போது காலடியில் நறுக் நறுக்கென்று சத்தம். குனிந்து பார்க்க ஆசை. பார்க்கவில்லை. மெஷினை நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது, ஓட்டினால் தின்றது. என் இரண்டு கையும் துணி மேல் இருக்கிறது, பிடிக்க வராது என்று தெரிந்துகொண்டது போல. தைக்க வேண்டியது தீர்ந்த பிறகும் ஒரு துண்டுத் துணியில் கோடு கோடாகத் தையல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

இருபது நாள் ஆகியிருக்கும். கால் தேறிவிட்டது, லேசாக நொண்டும். ஒரு மத்தியானம் தரையில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அது தானாக வெளியே வந்து, என் மடியில் கிடந்த தண்டின் முனையைப் பிடித்து இழுத்துத் தின்றது. நிமிர்ந்தால் வாசலில் நாத்தனார். சத்தம் வரக்கூடாது என்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அது எங்களோடு மூன்று வருடம் இருந்தது.

போன மாதம் என் மகனுக்குக் கல்யாணம். மருமகள் வந்ததும் வீடு நிறையக் கூட்டம். ஒரு பெண் அவள் தாடையைப் பிடிக்கக் கை நீட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணி வூட்டுல அதெல்லாம் கெடையாது. பொண்ணு மொதல்ல சாப்பிடட்டும். அப்பால அவளே வருவா."

உள் அறையில் தட்டுச் சத்தம் கேட்கும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அன்பாக இருப்பதற்குச் சில சமயம் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும் என்பதை அந்தக் குட்டிக்கு நான் செய்த தப்பில்தான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் கூச்சப்படுகிற யாராவது வீட்டுக்கு வந்தால், என் கை முதலில் ஒரு துணியையும் ஊசியையும்தான் எடுத்துக்கொள்கிறது.